கல்லின் மேனியும் ஒளியின் வழியும்

(தென்காசியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைசெய்த வடிவம்)



ஒளியியலில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பொதுமக்களுக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். பொருளைத் தேட நான் இந்த ஊரைத் தாண்டவில்லை. இங்கே காசி விசுவநாதர் கோயில் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டர் மேற்கே குற்றாலத்தில் அருவியும் பாறையும் சித்திர சபையும் இருக்கின்றன. ஒரு பொருளின் மேற்பரப்பு எப்படி இருக்கிறதோ அதற்கேற்பவே அது ஒளியைத் திருப்பியனுப்பும் என்ற பாடத்தை முழுவதுமாக இங்கேயே படித்துவிடலாம்.

நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே. சிற்பம் என்பது வடிவம் மட்டுமன்று. கல்லின் மேல்தோலில், ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவிலுள்ள மேடுபள்ளங்கள்தாம் அதன் நிறத்தையும் முகத்தின் உயிர்ப்பையும் தீர்மானிக்கின்றன. ஆகவே அந்தத் தோலும் மரபுச் சொத்து. வடிவத்தைக் காத்துத் தோலை அழித்தால் நாம் கோயிலைக் காத்தவர்கள் ஆகமாட்டோம்.

1

நன்கொடையாளர் பெயர் பொறித்த கருங்கல் பலகையிலிருந்து தொடங்குகிறேன். கும்பாபிஷேகம் நடந்த கோயில் எதிலும் அப்படியொரு பலகை இருக்கும். கன்னங்கரேலென்று மெருகேற்றிய கல்லில் வெள்ளை எழுத்துகள். பல பலகைகளில் அந்த எழுத்துகளுக்கு வண்ணம் பூசுவதில்லை. வெறுமனே வெட்டி விடுகிறார்கள். எழுத்தும் அதே கல், பின்புலமும் அதே கல். அப்படியிருக்க ஒன்று வெள்ளையாகவும் மற்றொன்று கறுப்பாகவும் தெரிவது எதனால்?

காற்றிலிருந்து வரும் ஒளி கல்லின் மேல் நேராக விழும்போது ஏறத்தாழ 4.5 சதவீதம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. எஞ்சியது உள்ளே போகிறது. கருங்கல்லில் உள்ளே போன ஒளியில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். மெருகேறிய பரப்பில் அந்த 4.5 சதவீதமும் ஒரே திசையில், கண்ணாடியில் திரும்புவதுபோல ஒழுங்காகத் திரும்பும். அந்தத் திசையில் நம் கண் இல்லாவிட்டால் உள்ளிருந்து வரும் மிகக் குறைந்த ஒளி மட்டுமே நமக்குக் கிடைக்கும். கல் கறுப்பாகத் தெரியும். கொத்திய பரப்பிலோ அதே 4.5 சதவீதம் எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. எங்கே நின்றாலும் அதில் ஒரு பங்கு கண்ணுக்கு வந்து சேரும். வந்த விளக்கொளி வெள்ளையென்றால் சிதறியதும் வெள்ளை. உளி பட்ட இடத்தில் கனிமத் துகள்களில் விழுந்த நுண்விரிசல்களும் ஒளியைச் சிதறடித்து அந்த வெண்மையைக் கூட்டுகின்றன.

பலகையின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எழுத்து மங்கிப்போகும். காய்ந்ததும் திரும்ப வரும். புதிதாகக் கொத்திய அம்மி வெளுத்திருப்பதும், அரைக்க அரைக்கக் கறுத்து வழவழப்பாவதும் இதே காரணத்தால்தான். காசி விசுவநாதர் கோயிலில் மட்டுமல்ல, எந்தப் பழைய மண்டபத்திலும் தூண் சிற்பங்களைப் பாருங்கள். கை எட்டும் உயரம்வரை மினுமினுத்துக் கறுத்திருக்கும். அதற்கு மேலே அதே தூண் சாம்பல் நிறமாக நிற்கும். தலைமுறை தலைமுறையாகத் தொட்டுச் சென்ற கைகள் செய்த மெருகு அது.

2

எவ்வளவு வழவழப்பாக இருந்தால் ஒரு பரப்பு கண்ணாடிபோல நடந்துகொள்ளும்? இதற்கு ரேலி பிரபு தந்த அளவுகோல் ஒன்று உண்டு. மேடுபள்ளத்தின் உயரம் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், நேராக விழும் ஒளிக்கு அந்தப் பரப்பு வழவழப்பானது. நம் கண் நன்கு உணரும் பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 550 நானோமீட்டர். அதில் எட்டில் ஒரு பங்கு 69 நானோமீட்டர். தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. உளியால் செதுக்கி, பின் குருந்தக்கல் போன்ற கடினமான பொருளால் பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்து இந்த எல்லையை நெருங்கிச் சென்றிருக்கிறார்கள் நம் சிற்பிகள். அவர்களிடம் அளக்கக் கருவி இல்லை. விளக்கைக் காட்டிப் பார்த்த கண்ணும் தடவிப் பார்த்த விரலும் இருந்தன.

இந்த அளவுகோல் ஒளி விழும் கோணத்தையும் சார்ந்தது. ஒளி சாயச் சாய, கரடுமுரடான பரப்பும் வழவழப்பானதைப் போல நடந்துகொள்ளும். பரப்போடு ஐந்து பாகை மட்டுமே உயர்ந்து வரும் ஒளிக்கு அந்த எல்லை 69இலிருந்து ஏறத்தாழ 790 நானோமீட்டராக உயர்ந்துவிடுகிறது. ஒரே பாகை என்றால் 4 மைக்ரான் வரை. கிழக்குப் பார்த்த கோயிலில் காலை வெயில் வாசல் வழியே தாழ்வாக வரும்போது, மற்ற நேரங்களில் மங்கலாகக் கிடக்கும் கல்தரை வாசலை நோக்கிப் பார்ப்பவருக்கு ஒரு நீண்ட ஒளிப்பட்டையாகத் தெரிவது இதனால்தான்.

முழுமையான வழவழப்பு என்று இயற்கையில் ஒன்று இல்லை. அசையாத நீரின் மேற்பரப்பில்கூட வெப்ப அசைவால் கண்ணுக்குத் தெரியாத அலைகள் ஓயாமல் எழுந்துகொண்டிருக்கின்றன. அவை ஒளியைச் சிறிதளவு சிதறடிக்கும். இதை 1908இல் ஸ்மோலுகோவ்ஸ்கி கணித்துச் சொன்னார். 1920களில் கல்கத்தாவில் சி. வி. ராமனும் அவரிடம் பயின்ற எல். ஏ. ராம்தாசும் நீர்மங்களின் மேற்பரப்பில் நிகழும் இந்தச் சிதறலை ஆராய்ந்தார்கள். ராமன் விளைவைப் பற்றியே பேசிப் பழகிய நாம் அவருடைய இந்த வேலையை மறந்துவிட்டோம். மேற்பரப்பைப் பார்க்கும் பார்வையை இந்திய இயற்பியலுக்குக் கற்றுத்தந்தவர்களில் அவரும் ஒருவர்.

மேடுபள்ளங்கள் தாறுமாறாக இல்லாமல் ஒரே திசையில் வரிசையாக அமைந்திருந்தால் ஒளியும் ஒரு திசையில் நீளும். எவர்சில்வர் தட்டின் வட்டக் கீறல்களுக்குக் குறுக்கே ஓடும் ஒளிக்கீற்று அப்படிப்பட்டது. பத்தமடைப் பாயைத் திருப்பத் திருப்ப அதன் மினுக்கம் இடம் மாறுவதற்கும் அடுத்தடுத்துக் கிடக்கும் மெல்லிய கோரை இழைகளே காரணம். இதை இத்தோடு விட்டுவிட்டு ஈரத்துக்கு வருகிறேன். குற்றாலத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு ஈரத்தைப் பேசாமல் இருக்க முடியாது.

3

சாரல் காலத்தில் பேரருவிக்குப் பக்கத்துப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். நனைந்த பகுதி கறுப்பு. நனையாத பகுதி வெளிறிய சாம்பல். அதன்மேல் விழும் அருவியோ பால்வெள்ளை. நிறமில்லாத அதே தண்ணீர் ஓரிடத்தில் கறுக்கவும் ஓரிடத்தில் வெளுக்கவும் செய்கிறது.

அருவி வெளுப்பதை எளிதாக விளக்கிவிடலாம். பாறையின் விளிம்பில் ஒழுங்காக வழியும் மெல்லிய நீர்ப்படலத்தின் ஊடே பாறை தெரியும். அது உடைந்து துளிகளாகவும் குமிழ்களாகவும் ஆனதும், நீரும் காற்றும் சந்திக்கும் பரப்புகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. ஒவ்வொரு பரப்பும் இரண்டு சதவீதம் அளவில் ஒளியைத் திருப்புகிறது. திரும்பித் திரும்பி, உறிஞ்சப்படாமல், எல்லாத் திசைகளிலும் வெளிவருகிற ஒளி வெள்ளையாகத்தான் தெரியும்.

பாறை கறுப்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, பாறைக்கும் அதைத் தொட்டிருக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள ஒளிவிலகல் எண்ணின் வேறுபாடு. கல்லின் எண் ஏறத்தாழ 1.54, காற்றின் எண் 1. இந்த இடைவெளிதான் முன்சொன்ன 4.5 சதவீதத்தைத் தருகிறது. நீரின் எண் 1.33. கல் நனைந்தவுடன் கல்லின் கரடுமுரடான பரப்பில் திரும்பும் ஒளி அரை சதவீதமாகச் சுருங்கிவிடும். கல்லை வெளிறச் செய்த அந்தச் சிதறொளி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. இரண்டாவது காரணத்தை 1925இல் சுவீடன் நாட்டு வானிலையாளர் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரோம் சொன்னார். பாறையிலிருந்து சிதறி மேலே வரும் ஒளியில், 48.6 பாகைக்கு மேல் சாய்ந்து வருவது நீர்ப்படலத்தின் மேற்பரப்பைக் கடக்க முடியாமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடுகிறது. ஏறத்தாழ பாதி ஒளி இப்படி மறுபடியும் பாறைக்கே போகும். ஒவ்வொரு முறையும் பாறை ஒரு பங்கை விழுங்கிக்கொள்ளும்.

இனி எண்ணெய்க் காப்பைப் பாருங்கள். எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.47. கல்லுக்கு மிக அருகில். எண்ணெய் பட்ட கல்லின் மேற்பரப்பில் திரும்பும் ஒளி இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். உலர்ந்த கல்லோடு ஒப்பிட்டால் எண்பதில் ஒன்று. கல்லின் கரடுமுரடு ஒளிக்கு ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. எண்ணெய்ப் படலத்தின் வழவழப்பான மேற்பரப்போ தீபத்தைத் துல்லியமான ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. கருவறை இருளில், ஆழ்ந்த கறுப்பில், தீபாராதனைத் தட்டு மேலும் கீழும் போக மூர்த்தியின் நெற்றியிலும் கன்னத்திலும் தோளிலும் அந்தப் புள்ளிகள் வழுக்கி ஓடுகின்றன. வளைவு கூடிய இடத்தில் புள்ளி சிறுத்து மெதுவாக நகரும்; தட்டையான இடத்தில் பரந்து விரைவாக ஓடும். அந்த ஓட்டத்திலிருந்துதான் கண் உருவத்தின் திரட்சியை அறிகிறது. இத்தகைய சிற்பம் அசையும் சுடருக்காகச் செய்யப்பட்டது. அதன்முன் இரண்டு குழல்விளக்குகளை நிரந்தரமாக மாட்டிவைப்பது சிற்பியின் வேலையில் பாதியை அணைத்துவிடுவதாகும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

4

குற்றாலத்தில் சித்திர சபை இதற்கு நேர்மாறான பாடம். நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு இரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். இங்கே கூத்தன் கல்லிலோ செம்பிலோ இல்லை, சுவரோவியமாக இருக்கிறான். சுற்றிலும் சுவர்களில் புராணக் காட்சிகள், சுண்ணச் சாந்துப் பூச்சின் மேல்.

சுண்ணச் சாந்தின் மேல் தீட்டிய வண்ணம் மினுங்காது. ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடும் அத்தகைய பரப்புக்கான விதியை 1760இல் லாம்பர்ட் எழுதினார்: எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதன் பொலிவு ஒன்றே. அதே 1760இல் வெளிவந்த நூலில் பியர் பூகேர், கரடான பரப்பு என்பது பல கோணங்களில் சாய்ந்து நிற்கும் எண்ணற்ற சிறு கண்ணாடிகளின் கூட்டம் என்று விளக்கினார். இரண்டும் இன்றுவரை பயன்படுகின்றன. லாம்பர்ட் விதி எல்லாக் கரடான பரப்புகளுக்கும் சரிவராது என்பதற்கு முழுநிலவே சான்று. அந்த விதிப்படி நிலவின் விளிம்பு மங்கியிருக்க வேண்டும். நாம் காண்பதோ விளிம்புவரை சமமாக ஒளிரும் ஒரு தட்டு. இதைக் கணக்கில் கொண்ட மாதிரியை 1994இல் மைக்கேல் ஓரனும் ஸ்ரீ நாயரும் உருவாக்கினார்கள். கணினியில் மண்ணையும் துணியையும் மெய்போல வரைய அது உதவுகிறது.

சித்திர சபைச் சுவரைப் பார்ப்பவர் ஓரிடத்தில் நிற்பதில்லை; நடந்துகொண்டே பார்க்கிறார். ஒளியோ வாசல் பக்கமிருந்து சாய்வாக வருகிறது. சுவர் பளபளப்பாக இருந்திருந்தால் ஒவ்வோர் அடிக்கும் ஏதேனும் ஒரு பகுதி கண்கூசி மறைந்திருக்கும். மங்கலான பரப்பு என்பதால் கதை அறுபடாமல் தொடர்கிறது. ஆகவே, பழைய சுவரோவியத்தின் மேல் வார்னிஷ் அடித்தால் நிறம் எடுப்பாகத் தெரியுமே என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது இயற்பியலின்படி உண்மை. செய்யத் தகாத உண்மை. எண்ணெய் கல்லைக் கறுக்கச் செய்வதுபோல வார்னிஷும் மேற்பரப்புச் சிதறலைக் குறைத்து நிறத்தை ஆழமாக்கும். கூடவே கூச்சத்தைக் கொண்டுவரும், காலப்போக்கில் மஞ்சளாகும், சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் அடைக்கும். சாரல் அடிக்கும் ஊரில் இந்தக் கடைசிக் கேடு மிகப் பெரியது.

5

தென்காசிக் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பினான். அதன் கல்வெட்டுகளே நமக்கு அதற்குச் சான்று. தேய்ந்த கல்வெட்டைப் படிக்க மைப்படி எடுப்பார்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களில் பதியவைத்து, மேலே மை ஒற்றுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் கல்வெட்டாய்வாளர் கையாளும் ஒரு வழி, இருட்டியபின் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பது. நேர்வெயிலில் ஒன்றுமே தெரியாத கல்லில் எழுத்து எழுந்து நிற்கும். ஒரு மில்லிமீட்டர் பள்ளம், ஐந்து பாகைச் சாய்வில் வரும் ஒளிக்குப் பதினோரு மில்லிமீட்டர் நீள நிழலைத் தரும். பள்ளம் அகலமாக இருந்தால் அதன் அடி முழுதும் இருண்டுவிடும்.

இந்தப் பழைய உத்தியைக் கணினி வேறோர் உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. 2001இல் ஹியூலெட் பேக்கார்டு ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய குழுவினரும் ஒரு முறையை வெளியிட்டார்கள். கேமராவை அசைக்காமல் நிறுத்தி, விளக்கை மட்டும் பல இடங்களுக்கு மாற்றி மாற்றிப் படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் எந்தத் திசை ஒளிக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதைக் கணினி கற்றுக்கொள்ளும். பிறகு திரையில் விளக்கை நாம் விரும்பும் பக்கம் நகர்த்தலாம். கிரேக்கக் கடலடியில் கிடைத்த ஆண்டிகித்தீரா இயந்திரத்தின் அரித்துப்போன எழுத்துகளை 2005இல் இம்முறையில் பதிவு செய்தார்கள். இந்த முறைக்கு வேண்டியது ஒரு கேமரா, ஒரு முக்காலி, ஒரு விளக்கு, ஒளி வரும் திசையை அறிவிக்கும் ஒரு சிறு கறுப்பு உருண்டை. மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கல்லைத் தொடவே தேவையில்லை. எனவே மைப்படிகூட எடுக்க முடியாத பொடியும் கல்லுக்கும் இது ஏற்றது.

6

இவ்வளவும் சொன்னது இந்த இடத்துக்கு வருவதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் பல கோயில்களின் கல்சுவர்களையும் தூண்களையும் திருப்பணியின்போது மணல் வீச்சுக் கருவியால் சுத்தம் செய்தார்கள். அழுத்தக் காற்றில் மணலைச் செலுத்திக் கல்லின் மேல் அடிப்பது அது. பாசியும் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் ஒரே நாளில் போய்விடும். கல் புதிதுபோல வெளுத்திருக்கும். பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். அழுக்கைப் போக்கத் தோலை உரித்ததற்கு ஒப்பான வேலை அது.

அந்த வெண்மை சுத்தத்தின் வெண்மை அன்று. நன்கொடைப் பலகையில் வெட்டிய எழுத்தின் வெண்மை. கல்லின் மேனி முழுவதும் நுண்ணியதாகக் கொத்தப்பட்டு, ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. வெறும் இருபது மைக்ரான் தேய்ந்ததாக வைத்துக்கொள்வோம். அளவுகோலால் காண முடியாத இழப்பு. ஆனால் மெருகின் எல்லையான 69 நானோமீட்டரோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ முந்நூறு மடங்கு. வீரபத்திரர், மன்மதன், ரதி, காளி என்று ஆளுயரச் சிற்பங்கள் நிற்கும் ஒரு மண்டபத்தில் இதைச் செய்தால் என்ன ஆகும்? ஒளிப்புள்ளி ஓடாது. கன்னத்துக்கும் கழுத்துக்கும் உள்ள வேறுபாடு மங்கும். அணிகலனின் கூர்மை மழுங்கும். கல்வெட்டில் எழுத்தின் விளிம்பு உருண்டு, சாய்ந்த ஒளியிலும் நிழல் தெளிவாக விழாது. மறுபடி மெருகேற்றலாமே என்றால், அதற்கு இன்னும் கல்லைத் தேய்க்க வேண்டும். அப்போது சிற்பியின் கைவேலை முற்றிலும் போய்விடும்.

பயனாவது நீடிக்குமா என்றால் அதுவும் இல்லை. கரடான பரப்பு ஈரத்தையும் தூசியையும் கூடுதலாகப் பிடித்துவைக்கும். மேற்குத்தொடர்ச்சி மலையின் சாரல் படும் இந்தப் பக்கத்தில் பாசியும் கற்பாசியும் முன்னைவிட விரைவாக ஏறும். வேலை செய்பவரின் நுரையீரலில் மணல்தூசி படிந்து சிலிக்கோசிஸ் நோய் வரும் என்பதும் மருத்துவம் நன்கறிந்த உண்மை.

தொல்லியலாளர்களும் கோயில் ஆர்வலர்களும் தொடர்ந்து எதிர்த்ததால் இந்து சமய அறநிலையத் துறை மணல் வீச்சைத் தடைசெய்தது. 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் மரபுச் சின்னங்களையும் பழங்கோயில்களையும் காக்க 75 வழிகாட்டுதல்களை வழங்கியது. இவை நல்ல செய்திகள். ஆனால் தோலை அழிக்க மணல் மட்டுமே வழி அன்று. அமிலக் கழுவல், சுழலும் கம்பித் தூரிகை, அளவுமீறிய அழுத்தத்தில் நீர்ப்பாய்ச்சல், சிற்பத்தின் மேல் எனாமல் வண்ணம், சில்வர் பெயின்ட் எல்லாமே அதே கேட்டைச் செய்கின்றன. சில்வர் பெயின்ட்டில் இருப்பவை அலுமினியத் தகடுபோன்ற நுண்துகள்கள். பூசிய பின் ஆடையும் உடலும் ஆயுதமும் ஒரே மாதிரி மினுங்கும், சிற்பி வேறுபடுத்திக் காட்டிய அத்தனையும் ஒன்றாகிவிடும்.

சரியான முறை உண்டு. மென்தூரிகை, தண்ணீர், பிசுக்குள்ள இடத்தில் நீர்த்த அம்மோனியாவும் மென்மையான சலவைக் கரைசலும், முதலில் மறைவான ஒரு சாண் இடத்தில் சோதனை. தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். மெதுவான வேலை, ஆள்கூலி கூடும். ஐந்நூறு ஆண்டு பழைய மெருகுக்கு அந்தக் கூலி அதிகமில்லை.

7

தான் கட்டிய கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களை இப்போதே வணங்குவதாகப் பராக்கிரம பாண்டியன் இந்த ஊர்க் கோயிலில் பாட்டாகப் பொறித்துவைத்தான். அரசன் ஒருவன் முகம் தெரியாத நம்மை வணங்கியிருக்கிறான். அதற்கு உரியவர்களாக நடந்துகொள்ள இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

திருப்பணிக் குழுக்களில் இருக்கும் பெரியோர்களுக்கு: ஒப்பந்தத்தில் எழுதும்போது, கல்லின் மேற்பரப்பு மாறக்கூடாது என்பதைத் தனி விதியாகச் சேருங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தை, ஒரே சாய்ந்த ஒளியில் படமெடுத்துவைக்கச் சொல்லுங்கள். மேற்பரப்பு மாறியிருந்தால் அந்த இரண்டு படங்களும் காட்டிக்கொடுத்துவிடும்.

இயற்பியல், வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு: நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு குழுவாகுங்கள். கோயில் நிருவாகத்தின் ஒப்புதலைப் பெற்று, விளக்கை நகர்த்திப் படமெடுக்கும் முறையில் இந்தக் கோயிலின் கல்வெட்டுகளையும் தூண் சிற்பங்களையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்யுங்கள். எடுத்த படங்களைக் கல்லூரி நூலகத்தில் யாரும் பார்க்கும்படி வையுங்கள். அடுத்த திருப்பணி வருவதற்குள் அந்தப் பதிவு முடிந்திருக்க வேண்டும். வரும் சாரல் பருவத்துக்கு முன்பே தொடங்குங்கள்.